பாம்புக்கு எந்த ஊர்?

பாம்பு என்றதும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்பவர்கள் இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். வளர்ப்புப் பிராணிகள் பற்றி வானொலியில் பேசிய பிறகு ஒரு நேயர் எனக்குச் சில படங்கள் அனுப்பியிருந்தார். "என் பாம்பைப் படம் எடுத்தால் ரப்பர் பொம்மை மாதிரியே தெரிகிறது. என்ன செய்யலாம்?" என்பது அவர் கேள்வி.

அவர் வளர்ப்பது பால் பைத்தான். பால் குடிக்கும் பாம்பு என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். அதனால் ஆங்கிலத்தில் வந்த பெயர்.

படத்தில் பச்சைப் பாசி, பிளாஸ்டிக் பெரணி, ஓர் ஆர்க்கிட் பூ. கேமரன் மலைக்குச் சுற்றுலா வந்ததுபோல் இருந்தது பாம்பு. அதன் சொந்த ஊரோ மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளி. பகலில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பதுங்கியிருக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறும் கதை அங்கும் உண்டு! எனவே அதற்குச் செம்மண்ணும் காய்ந்த புல்லும்தான் பொருத்தம். கார்ன் ஸ்நேக் என்றால் ஊர் அமெரிக்காவின் தென்கிழக்கு. சருகும் மரப்பட்டையும் போட்டால் அதன் செம்மஞ்சள் நிறம் அழகாக ஒட்டிக்கொள்ளும்.

செலவு அதிகமில்லை. சன்னல் ஓரம் ஒரு மேசை, அதன்மேல் அகலமான தட்டு. தட்டில் மண், சருகு, ஒரு மரக்கிளை. இரண்டடி பின்னால் மங்கிய பழுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். தள்ளி இருந்தால்தான் துணியின் சுருக்கம் படத்தில் தெரியாது. வெளியிலிருந்து எடுத்து வரும் சருகையும் பட்டையையும் கொதிநீரில் போட்டு, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். பூச்சிமருந்து தெளித்த இடத்தில் பொறுக்க வேண்டாம். கூரான கம்பி, ஈரமான பசை, சீடார் மரத்தூள் எதுவும் கூடாது.

காலை வெளிச்சமே போதும். வெயில் நேராக விழுந்தால் சன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள். பிளாஷை நேராக அடித்தால் செதில் பளபளக்கும். ரப்பர் பொம்மை ரகசியம் இதுதான். கைப்பேசியைப் பாம்பின் கண் மட்டத்துக்கு இறக்கி, கண்ணைக் குறிவைத்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் நாம் குனிந்து பார்க்கும் பாம்புதான் கிடைக்கும்.

இனி முக்கியமான விஷயம். பாம்பு அசையாமல் இருக்கட்டும் என்று குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணிக்கு அது கொடுமை. அதைவிட நல்ல வழி உண்டு: தட்டில் விட்டதும் ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். இருட்டில் அது அமைதியாகும். பிறகு மெதுவாகத் தொட்டியை எடுத்தால் அழகாகச் சுருண்டு படுத்திருக்கும். ஒருவர் படம் எடுக்க, இன்னொருவர் பாம்பைக் கவனிக்கட்டும். பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். இரை தின்று இரண்டு நாள் ஆகும்வரை தொடவே வேண்டாம். கண் வெளுத்துச் சட்டை உரிக்கத் தயாராகும் நேரத்திலும் விட்டுவிடுங்கள். சட்டை உரித்த பிறகுதான் நிறம் பளிச்சென்று இருக்கும், காத்திருப்பதில் நமக்கே லாபம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாம்பின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

"பேசாமல் பூங்காவுக்கே கொண்டுபோய் எடுத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். புதருக்குள் நழுவினால் பாம்பும் போச்சு, பக்கத்து வீட்டாரின் தூக்கமும் போச்சு. பொம்பா வண்டி வரும்; அதற்குமுன் யாராவது கட்டையோடு வருவார்கள்.

மலேசியாவில் பல பாம்பினங்களை வளர்க்க பெர்ஹிலித்தான் உரிமம் தேவை. வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்க்கவே சட்டம் இடம் தரவில்லை. அங்குள்ள வாசகர்கள் மண்டாயில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனை மெனக்கெட வேண்டுமா? நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாம்பு என்றால் அடித்துப் போட்ட பாம்பு, இல்லையென்றால் சினிமாவில் படமெடுத்து ஆடும் பாம்பு. புற்றோரம் தன்பாட்டுக்குப் படுத்திருக்கும் பாம்பை அவர்கள் பார்த்ததே இல்லை. உங்கள் படம் அதைக் காட்டட்டும்.