பட்டணத்து மந்தமும் பெண்ணாடத்துச் சுமையும்

நாட்டில் பொருளாதார மந்தம் என்றதும் நிபுணர்கள் சென்னை, மும்பை, கொல்கத்தா என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறார்கள். எந்த நகரம் முதலில் தலைதூக்கும், எங்கே மனை விலை ஏறும் என்பதே அவர்கள் கவலை. அந்த நகரங்களைக் கட்டி எழுப்பியவன் மந்த காலத்தில் எங்கே போகிறான் என்று கேட்பாரில்லை. அவன் விருத்தாசலத்திலும் பெண்ணாடத்திலும் போய் இறங்குகிறான்!

1965-66-ல் மழை பொய்த்தது. முந்தைய ஆண்டு சுமார் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 7 கோடியே 20 லட்சம் டன்னுக்கு இறங்கியது. வயலில் பிறந்த அந்த மந்தம் பிறகுதான் பட்டணத்துத் தொழிற்சாலைகளைத் தொட்டது.

2020-ல் நடந்ததோ நேர்மாறு. கொரோனா ஊரடங்கின்போது, ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு கூறியது. கட்டட வேலை பாதியாயிற்று. விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது. மே 5-ம் தேதி சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்கள், ரயில் ஓடாத அந்நாட்களில், லாரியேறிக் கடலூர் மாவட்டத்துக்குத் திரும்பினார்கள்.

கிராம ஊராட்சிக்குத் திரும்பியவனுக்கு அன்று நூறு நாள் வேலை இருந்தது. நாளொன்றுக்கு 256 ரூபாய் கூலி. மத்திய அரசு அதற்கென மேலும் 40,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல காரியந்தான். ஆனால் பெண்ணாடம் ஒரு பேரூராட்சி. பேரூராட்சி எல்லைக்குள் அந்தச் சட்டம் செல்லாது! எல்லைக்கு அப்பால் இருப்பவன் கையில் மண்வெட்டி. இப்பால் இருப்பவனுக்கு வெறுங்கை. ஊராட்சியா, பேரூராட்சியா என்று விசாரித்துக்கொண்டா வயிறு பசிக்கிறது?

பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் கைகொடுக்காதா என்று கேட்கலாம். அங்கே செய்யும் பொம்மைகளையும் மின்சாரச் சாமான்களையும் வாங்குகிறவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். பட்டணத்தில் வீடு கட்டுவது நின்றால் இங்கே சூளையும் சோர்கிறது. கரும்பு வெட்டோ பருவத்து வேலை. வருஷம் முழுதும் சோறு போடாது.

2021-22-ல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைச் சோதனையாகத் தொடங்கியது. சில பேரூராட்சிகளும் சேர்க்கப்பட்டன. வரவேற்கத் தக்கதே. ஆயினும் சோதனை வேறு, சட்டப்படியான உரிமை வேறு. கேட்டவனுக்கு வேலை என்ற உறுதி பேரூராட்சிக்காரனுக்கும் வேண்டும். குளம் தூர்வார வேண்டும், வாய்க்கால் செப்பனிட வேண்டும், வேலைக்கா பஞ்சம்?

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். பெருநகரங்களில் நல்ல காலத்தில் வீடும் மனையும் கைமாறும்போது முத்திரைத் தீர்வை குவிகிறதே, அதில் ஒரு பங்கை மந்த காலத்துக்கென்று தனியே ஒதுக்கி வைக்கலாம். பெண்ணாடத்துக் கொத்தனாரும் சித்தாளும் உழைத்து எழுப்பிய கட்டடங்களுக்கும் சேர்த்து வசூலாகிற பணந்தானே அது!