பத்மநாபதாசர்களின் நீதி

மன்னன் இருந்தவரை மதம் காக்கப்பட்டது, தெய்வத்துக்கு அஞ்சியதால் மன்னனும் நீதி தவறாமல் ஆண்டான் என்ற நம்பிக்கைக்கு வடக்கே எளாவூர் சோதனைச்சாவடியிலிருந்து தெற்கே களியக்காவிளை வரை ஆளுண்டு. பிரெஞ்சுப் புரட்சியைக் கடுமையாக எதிர்த்த ஜோசப் டி மேஸ்தர் இதற்குத் தத்துவ உருவம் கொடுத்தவர். அரசியலமைப்பை மனிதர்கள் எழுதி உண்டாக்க முடியாது, அது கடவுளின் செயல் என்று 1814-இல் அவர் வாதிட்டார். இந்த வாதத்தை உரசிப் பார்க்கத் திருவிதாங்கூரைவிடப் பொருத்தமான அரசு கிடையாது.

அந்த அரசின் தெய்வத்தன்மை அநாதியானதன்று. அதற்கு ஆண்டுக்கணக்கு உண்டு. 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகத்தில் செல்வாக்குடன் இருந்த எட்டு வீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கினார். காயங்குளம் முதலிய அண்டை நாடுகளை வென்று சேர்த்தார். அதன் பிறகு 1750-இல், நாடு முழுவதையும் பத்மநாபனுக்குத் தானமாக எழுதி வைத்து, தன்னை அவருடைய தாசன் என்று அறிவித்தார். அன்று முதல் அரசனை எதிர்ப்பது சுவாமித் துரோகமும் ஆயிற்று. வென்ற நிலத்துக்கு இதைவிட உறுதியான காப்பு அமையாது. கெட்டிக்காரத்தனம் என்றே சொல்லலாம். ஆனால் மனிதர் எழுதவே முடியாது என்று டி மேஸ்தர் சொன்னதை ஒரு மனிதர் ஓலையில் எழுதிக் காட்டிவிட்டார்.

தெய்வத்தின் பெயரால் நடந்த ஆட்சியில் நீதி எப்படி இருந்தது என்பதைத் தோள்சீலைக் கலகம் சொல்லும். நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப் போல் மேலாடை அணிவதை 1829-இல் அரச விளம்பரமே தடுத்தது. 1858-59-இல் தெருவில் சீலை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகே 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா தடையைத் தளர்த்தினார். அப்போதும் உயர்சாதியார் உடுத்தும் பாணி கூடாது என்ற நிபந்தனை போகவில்லை.

1936 நவம்பர் 12-இல் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை எதிர்வாதமாகக் காட்டுவார்கள். சித்திரைத் திருநாள் கையெழுத்திட்டது துணிவான செயல், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்பே, 1924-25-இல், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் போராட்டம் நடந்தது. பெரியார் சிறை சென்றார். தெருக்களைத் திறக்கக் கோரிய தீர்மானம் சட்டசபையில் ஒரு வாக்கில் தோற்றது. 1935-க்குப் பின் ஈழவர்கள் மதம் மாறுவது பற்றி வெளிப்படையாகப் பேசலானார்கள். பிரகடனம் வந்தது அதற்குப் பிறகுதான்.

1947 ஜூன் 11-இல் திவான் சி.பி. இராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தார். ஜூலை 25-இல் அவர் தாக்கப்பட்டு வெட்டுக்காயம் பட்டார். சில நாட்களில் மகாராஜா இந்தியாவுடன் இணைய ஒப்பினார். 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி உருவானபோது, தாம் பத்மநாபதாசர் என்பதால் வேறு பதவிப் பிரமாணம் எடுக்க இயலாது என்றார். அந்த மனச்சாட்சிக்கு டெல்லி இடம்கொடுத்தது.

மன்னன் போனால் கோயில் அநாதையாகும் என்ற அச்சமும் பொய்த்தது. அரசியலமைப்பின் 290-ஏ பிரிவின்படி கேரள அரசு ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு 46,50,000 ரூபாய் தரவேண்டும். 1956-இல் கன்னியாகுமரியோடு தமிழ்நாட்டுக்கு வந்த கோயில்களுக்காக 13,50,000 ரூபாயைத் தமிழ்நாடு அரசு தரவேண்டும்.