பாலில்லாத ஒரு மாதம்

மாமிசம் வேண்டாம் என்பவர்கள் நம்மிடையே அநேகர். பாலும் வேண்டாம் என்பவரைக் காண்பதுதான் அரிது. காலைக் காப்பி முதல் இரவு மோர் சாதம் வரையில் பசுவின் தயவின்றி நமக்குப் பொழுது நகருமா? ஆகையால், பால், தயிர், நெய், தேன் யாவற்றையும் ஒதுக்கி ஜனவரி மாதம் முழுதும் தாவர உணவே உண்டு பார்க்கும் வழக்கம், 2014-ல் இங்கிலாந்தில் தோன்றியது, நமக்குப் புதுமையாகத் தோன்றலாம்.

ஆனால், காந்தியடிகள் 1912-லேயே இந்தப் பரீட்சையில் இறங்கியவர். தென்னாப்பிரிக்காவில், டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்குடன் பாலை விட்டார். கறவை மாடுகள் படும் கொடுமையைப் படித்தறிந்தது அதற்கு ஒரு காரணம். ஆறு வருஷம் விரதம் நிலைத்தது. 1918-ல் சீதபேதி கண்டு உடல் உருக்குலைந்தது. விரதம் பூண்டபோது எண்ணியது பசு, எருமைப் பாலைத்தானே, ஆட்டுப் பால் அருந்தலாமே என்றார் கஸ்தூரிபா. அடிகள் இணங்கினார், உடம்பு தேறிற்று. ஆயினும் விரதத்தின் சொல் பிழைத்தது, பொருள் பிழைக்கவில்லை என்ற வேதனை அவரை விட்டு அகலவில்லை.

அன்று இல்லாத அறிவு ஒன்று இன்று நமக்குண்டு. பருப்பும் எள்ளும் கீரையும் பலவற்றைத் தரும். 1948-ல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 என்னும் வைட்டமினை மட்டும் அவற்றை நம்பிப் பெற இயலாது. அதை மாத்திரையாகக் கொள்ளவேண்டும். குழந்தைகளையும் நோயாளிகளையும் வைத்தியரைக் கேளாமல் இதில் இழுத்தல் தகாது.

மற்ற நேயர்கள் தாராளமாக முயன்று பார்க்கலாம். விரதத்தின் எல்லையை மட்டும் முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பத்தாம் நாள் ஒவ்வொருவர் மனமும் தனக்கென ஓர் ஆட்டுப் பாலைத் தேடத் தொடங்கும்!