பழைய இரும்புக்கு வக்காலத்து வேண்டாம்

“அந்தக் காலத்து இரும்பு சார், இப்ப எவன் இப்படிச் செய்றான்?” பழைய ராணுவத் துப்பாக்கியைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். கூடவே இன்னும் இரண்டு தீர்ப்புகள் வரும். முத்திரை இருக்கிறது, அதனால் அசல். தோட்டா உள்ளே போகிறது, அதனால் சுடலாம். மூன்றுக்கும் வேர் ஒன்றே: பழசு என்றால் பலம் என்ற நம்பிக்கை. அதை நம்பி விசையை இழுப்பவர் பணயம் வைப்பது தன் விரலையும் கண்ணையும்.

முதலில் இரும்பு. அமெரிக்க ராணுவத்தின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு ஏதோ பட்டறையில் அடித்த துப்பாக்கியல்ல. அரசின் சொந்த ஆலையில் உருவானது. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய ரிசீவர் என்ற எஃகுக் கூட்டை உலையில் பழுக்கக் காய்ச்சிப் பதப்படுத்தினார்கள். சூடு போதுமா என்பதை எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் பழுத்த எஃகு மங்கலாகத் தெரியும். சூடு போதவில்லை என்று நினைத்து மேலும் காய்ச்சினால் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். 1917-இல் சில துப்பாக்கிகள் வெடித்துச் சிதறிய பிறகுதான் இது வெளிப்பட்டது. 1918-இல் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் சுமார் 8,00,000-க்குக் கீழான வரிசை எண்களைக் கண்டால் விவரம் தெரிந்தவர்கள் இன்றும் சுடத் தயங்குகிறார்கள். அந்தக் காலத்து இரும்பின் லட்சணம் இது.

“போரிலேயே உடையாதது இப்போதா உடையும்?” என்பார்கள். போரில் உடைந்தவை அன்றே பழைய இரும்புக்குப் போய்விட்டன. நம் கைக்கு வந்தவை உடையாமல் மிஞ்சியவை மட்டும். அவற்றை வைத்து மொத்தத்தையும் எடைபோடுவது கணக்கே அல்ல. தவிர, அன்று உடையாத எஃகை இடைப்பட்ட நூறு ஆண்டுத் துரு சும்மா விட்டிருக்கவும் தேவையில்லை.

அடுத்தது முத்திரை. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் பிரிட்டிஷ் துப்பாக்கிகளைப் பார்த்து அச்சு அசலாகச் செய்வது தலைமுறைத் தொழில். கிரீடம், ‘வி.ஆர்.’, ‘என்ஃபீல்டு’, ஆண்டு எல்லாம் அவற்றில் இருக்கும். சிலவற்றில் எழுத்து இடவலம் மாறி நிற்கும். சிலவற்றில் அரசி விக்டோரியாவின் ‘வி.ஆர்.’ முத்திரைக்குக் கீழே 1901-க்குப் பிந்தைய ஆண்டு இருக்கும். அரசியோ 1901 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். 1898-லோ அதற்கு முன்போ செய்தவற்றை அமெரிக்கச் சட்டம் பழம்பொருளாகக் கருதுவதால், பழைய ஆண்டைப் பொறித்தால் விற்பது சுலபம். இன்னொரு வேடிக்கை: முத்திரையைத் தேடித் தேடிப் படிப்பவர்களே ‘டி.பி.’ என்ற இரண்டு எழுத்தைக் கண்டுகொள்வதில்லை. அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும், சுடுவதற்கல்ல என்று ராணுவமே இட்ட குறி.

மூன்றாவது நம்பிக்கைதான் மிக ஆபத்தானது. ஜெர்மனியின் 1888 கமிஷன் ரைபிளின் குழல் சுமார் 8.1 மி.மீ. குண்டுக்கானது. 1905-இல் வந்த புதிய ‘எஸ்’ வகைக் குண்டு 8.2 மி.மீ.; அழுத்தமும் கூடுதல். பித்தளை உறையின் வடிவம் ஏறத்தாழ ஒன்றே என்பதால், மாற்றியமைக்காத பழைய துப்பாக்கியிலும் புதுத் தோட்டா உள்ளே போய் உட்காரக்கூடும். நம் ஊர் காவலர் தோளில் பார்த்துப் பழகிய 303-இலும் இதே சிக்கல் உண்டு. இச்சாப்பூர் ஆலை 1960-களில் செய்த 2ஏ1 வெளித்தோற்றத்தில் அதன் உடன்பிறப்பு; ஆனால் அதற்கான தோட்டா 7.62 மி.மீ.

மருந்தின் கதையும் இதுதான். 1871-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த மார்ட்டினி-ஹென்றியின் தோட்டாவில் இருந்தது 85 கிரெய்ன், அதாவது சுமார் ஐந்தரை கிராம் கருமருந்து. அந்த இடத்தைப் புகையில்லா மருந்தால் நிரப்பினால் எழும் அழுத்தத்தை அந்தத் துப்பாக்கி ஒருபோதும் சந்தித்ததில்லை.

இந்த அவசரத்தில் வரலாறும் தொலைகிறது. 2003 வாக்கில் காத்மாண்டின் பழைய அரண்மனைக் கிடங்கிலிருந்து பல்லாயிரம் துப்பாக்கிகள் அமெரிக்க வணிகர்களுக்கு விற்கப்பட்டன. அவற்றில் ஒரு வகை பார்வைக்கு மார்ட்டினி. திறந்து பார்த்தால் சுருள்வில்லுக்குப் பதில் தட்டைவில். பாகங்களில் தேவநாகரி எண்கள். நேபாளத் தளபதி கஹேந்திர ஷம்ஷேர் உருவாக்கி, உள்நாட்டுக் கைவினைஞர்கள் கையால் செய்த கஹேந்திரா ரைபிள் அது. கைவேலை என்பதால் ஒன்றின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. அதை ‘இன்னொரு மார்ட்டினி’ என்று சொல்லித் தோட்டா போடுபவர் ஒரு நாட்டின் கைத்திறனையும் அறியவில்லை, தன் முகத்துக்கு நேரே இருக்கும் ஆபத்தையும் அறியவில்லை.

சுடவே கூடாது என்பதல்ல என் வாதம். நல்ல நிலையிலுள்ள மார்ட்டினி-ஹென்றிகளைக் கருமருந்தில் இன்றும் பத்திரமாகச் சுடுகிறார்கள். ஆனால் அவர்கள் முதலில் அளக்கிறார்கள். குழலுக்குள் மென்மையான ஈயக் குண்டைத் தட்டிச் செலுத்தி உள்விட்டத்தைப் பார்க்கிறார்கள். எளிதில் உருகும் உலோகக் கலவையை ஊற்றித் தோட்டா அறையின் வார்ப்பை எடுக்கிறார்கள். பூட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலிட்டுச் சோதிக்கிறார்கள். துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் காட்டி விரிசல் தேடச் சொல்கிறார்கள். சந்தேகம் எங்கே வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இவ்வளவும் செய்து கிடைக்கும் அனுமதி அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும்தான். அதே ஆலையில் அதே ஆண்டு பிறந்த அடுத்த துப்பாக்கிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிடட்டும். அதில் துப்பாக்கிக்கும் அவமானமில்லை, அவருக்கும் அவமானமில்லை.