கலரியை ஒழித்தது யார்?

படம் பார்ப்பதும் ஓர் அரசியற் பிரச்சினையோ என்று நம்மைப் பார்த்து நகைப்போர் உளர். நகைக்கட்டும். மாவும் மண்ணெண்ணெயும் விலையேறினால் அஃது அரசியல். உழைத்துக் களைத்த தமிழன் தன் மனைவி மக்களோடு மூன்று மணி நேரம் மகிழ்ந்திருப்பதற்கான விலை ஏறினால் மட்டும் அஃது அரசியல் அன்றோ?

யாழ். நகரிலே றீகல், வெலிங்டன், வின்சர், ராணி, மனோகரா, ராஜா எனப் படமாளிகைகள் விளங்கிய காலத்தை நம் வாசகருட் பலர் மறந்திரார். அங்கே கலரி என்றொரு வகுப்பு இருந்தது. திரைக்கு மிக அண்மையில் வாங்குகள், கழுத்து நோகும், மூட்டைப்பூச்சி கடிக்கும், பீடிப்புகை கண்ணைக் கரிக்கும். அந்த மூட்டைப்பூச்சிக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஆயினும், புன்னாலைக்கட்டுவனிலிருந்து வெங்காயம் ஏற்றிவந்த தோட்டக்காரன், சந்தையிற் சரக்கை இறக்கிவிட்டு, மடியிற் கிடந்த சில்லறையோடு அந்த வாங்கிலே சென்று அமர்ந்தான். பல்கனியில் அப்புக்காத்து அமர்ந்திருந்தார். இருவரும் ஒரே படத்தைப் பார்த்தனர். ஒரே இடத்திற் சிரித்தனர். பேதம் இருந்தது உண்மை. கதவு இருவருக்கும் திறந்திருந்தது என்பதும் உண்மை.

இன்றோ குளிரூட்டிய மண்டபம், மெத்தை நாற்காலி. நன்று. அண்மையில் நாம் சென்ற மண்டபமொன்றில், முதல் வரிசையில் அண்ணாந்து பார்ப்பவனுக்கும் கடைசி வரிசையிற் சாய்ந்து பார்ப்பவனுக்கும் கட்டணம் ஒன்றே. இதற்குப் பெயர் சமத்துவமாம்! தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள் என ஐந்து சீட்டு. கொடிகாமத்திலிருந்து வந்தவராயின் பஸ் கட்டணம் வேறு. இரவுக் காட்சி முடியும்போது பஸ் இல்லை. ஓட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். வாசலிற் பையைத் திறந்து பார்க்கிறார்கள். நமக்கு முன் நின்ற தாயொருத்தி வீட்டில் வறுத்துக் கொண்டுவந்த கச்சானை வெளியே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். உள்ளே சோளப்பொரி விற்கிறார்களே, அதனால்! அந்தத் தாய் கச்சான் பொதியைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலை நம் கண்ணைவிட்டு இன்னும் அகலவில்லை.

2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஓராண்டுக்குள் 69.8 சதவீதம் உயர்ந்தது. அந்த வேகம் பின்னர் அடங்கியது. ஏறிய விலைகளோ இறங்கிவிடவில்லை. 2024 ஜனவரி 1இல் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆயிற்று. ஆசிரியரின் சம்பளமும் தோட்டக்காரனின் வெங்காய விலையும் இவற்றோடு போட்டியிட்டு ஓடினவா?

படமாளிகை உரிமையாளரை மட்டும் வைவது நீதியாகாது. மின்கட்டணம் அவர் கழுத்தையும் நெரிக்கிறது. அன்றியும், தமிழரின் படத்தொழில் பட்ட அடிகள் கொஞ்சமல்ல. 1972இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் பிடிக்குட் கொண்டுவந்தது. 1983 ஜூலையில் குணரத்தினம் அவர்களின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. நெறியாளர் வெங்கட் கொல்லப்பட்டார். 1990இற் குடாநாட்டில் மின்சாரமே நின்றது. ஜெனறேற்றரின் தயவில், வீட்டு முற்றத்திற் பாய் விரித்து, சிறு பெட்டியிற் படம் பார்த்த தலைமுறை நம்முடையது. அவ்வளவையும் தாங்கிய மக்களைத்தான் இன்று சீட்டின் விலை வாசலோடு திருப்பி அனுப்புகிறது.

கொடுக்கும் காசுக்கு நாம் காண்பது என்ன? தென்னிந்தியப் படம் வேண்டாமென்று சொல்லும் மூடர் அல்லோம். ஆனால் 1963இல் ‘தோட்டக்காரி’, 1972இல் ‘குத்துவிளக்கு’, 1977இல் ‘பொன்மணி’, 1978இல் ‘வாடைக்காற்று’ என இந்நாட்டிலும் தமிழ்ப் படங்கள் பிறந்தன. ‘பொன்மணி’யை நெறிப்படுத்தியவர் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்களவர், நம்மூர் வாழ்வைத் திரையில் வைக்க அவர் துணிந்தார். இன்று நம் இளைஞர் கடன்பட்டு எடுக்கும் படத்துக்கு ஒரு மாலைக் காட்சி பெற அவர்கள் எத்தனை வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது!

வழி இல்லையா? உண்டு. 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிச் சட்டம் படச்சீட்டுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்தது. அம்மன்றங்கள் கொழும்பில் இல்லை. 2025 மே 6ஆம் திகதி நாமே வாக்களித்துத் தெரிந்தெடுத்தவை. இந்த ஒன்றுக்கேனும் பேரினவாதத்தின் மீது பழிபோட்டுத் தப்ப முடியாது.

மன்றங்கள் குறைந்த கட்டண இருக்கைகளுக்கும் ஈழத்துத் தமிழ்ப் படங்களுக்கும் களியாட்ட வரியை அடியோடு விட்டுவிடட்டும். பதிலுக்கு உரிமையாளர் முன்வரிசைகள் மூன்றைக் கலரியாக ஒதுக்கட்டும். கடைசி பஸ் புறப்படுமுன் முடியும் மாலைக் காட்சியொன்றைச் சனிக்கிழமைதோறும் நம்மவர் படத்துக்குக் கொடுக்கட்டும். கச்சானை உள்ளே விடட்டும்.

வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகக் கொண்டுவரப்போகும் உறுப்பினர் யார்? அவர் பெயரை இப்பக்கத்திலேயே வெளியிடுவோம். ஒருவரும் எழாவிடின், கூட்டத்துக்கு வந்து வாய்மூடி இருந்தோர் பெயர்களை வெளியிடுவோம்.