"5-ம் நம்பர்" சென்ட் யாருக்குப் பொருந்தும்?

பாரீஸ் நகரில் 1921-ம் ஆண்டு பிறந்தது, "ஷனேல் 5" என்ற சென்ட். இன்றும் விற்பனையில் இருக்கிறது. 'அது பணக்காரச் சீமாட்டிகளின் சரக்கு' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு!

அதை விற்ற கோகோ ஷனேல், சிறு வயதில் தாயை இழந்து அநாதை விடுதியில் வளர்ந்தவர். தையல் ஊசியைப் பிடித்து முன்னுக்கு வந்தவர்.

ஒரே பூவின் மணம் வீசும் சென்ட் அவருக்குப் பிடிக்கவில்லை. எர்னஸ்ட் போ என்ற நிபுணர், மல்லிகை, ரோஜாவுடன் ரசாயனப் பொருளும் கலந்தார். (அந்த மல்லிகை, நம் ஊர் பிச்சிப்பூ இனம்தான்!) நம்பர் போட்ட புட்டிகளை நீட்டினார். ஷனேல் 5-வது புட்டியை எடுத்தார். அதுவே பெயராகி விட்டது.

கூச்சப்படும் பெண்ணுக்கு இந்த மணம் ஒத்து வராது. ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படாமல், சொந்தக் காலில் நிற்கும் பெண்ணுக்கே பொருந்தும்.

அவளும் இரண்டு சொட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலிதான்!