நாலு மணி வேன்



ஊரில் இருந்தவரை அம்மாவுக்கு இரண்டு மாடுகள். விடியுமுன் எழுந்து சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவார். அப்பா போனபிறகு மாடுகளை விற்றுவிட்டு அவரை எங்களோடு அழைத்துவந்தோம். "உழைச்சது போதும்மா, இனி சும்மா உக்காருங்க" என்றோம். பாசத்தில்தான் சொன்னோம். உட்கார்ந்தார். ஆறே மாதத்தில் நாற்காலியிலிருந்து எழ என் கை தேவைப்பட்டது. தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். மொட்டை மாடியில் நடக்க வைத்தேன். நாலாம் நாள், "எங்க போறதுக்குடா நடக்கணும்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அது தற்செயலாகத்தான் கிடைத்தது. மகளின் பள்ளி வேன் தெருமுனையோடு நின்றுவிடும். ஒருநாள் மனைவிக்குக் காய்ச்சல் என்று அம்மா போய்ப் பேத்தியை அழைத்துவந்தார். மறுநாள் மூன்றரைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இப்போது தினமும் அவர்தான் போகிறார். வழியில் கீரைக்காரம்மாவிடம் பேச்சு, திரும்பும்போது புத்தகப்பை அவர் தோளில். சுவரைப் பிடித்து நடக்கும் பழக்கம் எப்போது போனது என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியை உங்களுக்கு நினைவிருக்கும். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்து, கடை நடத்திச் சேர்த்த காசில் நிலம் வாங்கியவர். நூறு வயதைத் தாண்டியும் இயற்கை விவசாயம் செய்தவரை 2021இல் பத்மஸ்ரீ தேடிவந்தது. 2024 செப்டம்பரில் மறைந்தார். அவரை நடக்க வைத்தது அந்த நிலம்தான் என்று நான் நம்புகிறேன். களை முளைத்திருக்கிறது, தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்றால் வேறு யாரும் வந்து எழுப்ப வேண்டியதில்லை.

இதை ஆய்வாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, வாழ்வில் ஒரு நோக்கம் இருப்பதாக உணர்பவர்கள் பின்னாளில் கூடுதலாக உடலை இயக்குகிறார்கள் என்றது. உடலை இயக்குகிறவர்களுக்கு அந்த நோக்க உணர்வு வளர்கிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. இன்னோர் ஆய்வில், பால்டிமோர் நகரில் அறுபது வயதைக் கடந்தவர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பி, பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். வாரம் 15 மணி நேரம். அப்படிப் போன பெண்கள், போகாத பெண்களைவிட அதிகம் நடந்தார்கள்.

65 வயதுக்கு மேல் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் வேண்டும், கீழே விழாமல் இருக்க வாரம் மூன்று நாள் சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயன்படுத்தாத தொடைத் தசை சீக்கிரம் கரைகிறது. முதுமையில் அது திரும்புவது கடினம். அதனால் டாக்டர் சொன்ன நடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நடைக்கு ஒரு போக்கிடம் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

அதற்காகப் பேரப்பிள்ளைகளை நாள் முழுக்கப் பெரியவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். அப்படிக் களைத்துப்போன பாட்டிகள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். எந்த வேலை என்பதை அவர்களே சொல்லட்டும். கோயிலுக்குப் பூக் கட்டுவதோ, மாடித் தோட்டமோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதோ, எதுவாகவும் இருக்கலாம்.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "என்ன செய்ய ஆசை?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்